அந்தமான் பவளப்பாறைகளில் ஸ்கூபா முக்குளிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்குப் பயணச்சீட்டு எடுத்தவர்கள், விடுதியையும் கப்பலையும் பற்றி விசாரித்து முடித்த பிறகு, சற்றே தயங்கி, காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஹேவ்லாக் தீவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அத்தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்றும், போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றம் பெற்றன. ஆனால் பயணிகள் பலர் இன்றும் பழைய பெயர்களைச் சொல்லியே விசாரிப்பதால் இங்கும் அவற்றையே கையாள்கிறேன்.

எனக்கு நீச்சலே தெரியாது. நான் ஸ்கூபா போக முடியுமா?

பயிற்றுநரோடு ஒருமுறை இறங்கிப் பார்க்கும் அறிமுக முக்குளிப்புக்கு நீச்சல் கட்டாயமில்லை. காற்று நிரப்பும் சட்டையும் இடுப்பில் கட்டும் எடையும் உங்களை மிதக்கவும் அமிழவும் வைக்கும். பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே வருவார். தேவைப்படுவதெல்லாம், முகம் நனைந்து மூக்கில் சிறிது நீர் புகுந்தாலும் பதறாமல் வாயால் மூச்சுவிடும் நிதானம்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் திணறுவதும், நீச்சலே அறியாதவர்கள் அமைதியாக இருப்பதும் உண்டு.

சான்றிதழ்ப் பயிற்சிக்கு இது பொருந்தாது. அதற்கு 200 மீட்டர் தொடர்ந்து நீந்தவும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது. எந்த முறையில் நீந்தினாலும் சரி. ஊரிலேயே கிணற்றிலோ குளத்திலோ பழகிவிட்டுப் புறப்படுங்கள்; தீவுக்குப் போய் நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்ற திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை.

'டிரை டைவ்' என்கிறார்கள், 'ஓப்பன் வாட்டர்' என்கிறார்கள். இரண்டில் எதை எடுப்பது?

முதலாவது, மேலே சொன்ன அறிமுக முக்குளிப்பு; அரை நாளில் முடிந்துவிடும். அதற்கு உச்ச ஆழம் 12 மீட்டர். ஹேவ்லாக்கில் நிமோ ரீஃப் என்ற இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கும்போது பெரும்பாலும் அதில் பாதி ஆழம்தான் போவீர்கள். இரண்டாவது, சான்றிதழ் தரும் 3 அல்லது 4 நாள் பாடம்: வகுப்பு, ஆழமற்ற நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு முக்குளிப்புகள். முடித்தவர் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெறுகிறார். பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) ஆகிய முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ்களுக்கிடையே நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை. கற்றுத்தருபவர் யார் என்பதே முக்கியம். குழந்தைகள் 10 வயதிலிருந்து இப்பயிற்சியில் சேரலாம், ஆனால் 12 வயது வரை அவர்களுக்கு ஆழம் 12 மீட்டர்தான்.

தீவில் நான்கு நாள் தங்கப் போகிறவர் பயிற்சியையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அறிமுக முக்குளிப்பில் நீங்கள் ஒரு பார்சல். கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். உங்கள் கவனம் முழுவதும் மூச்சிலும் காதிலும் இருக்கும். நடுவே கேமராவை நீட்டிச் சிரிக்கச் சொல்வார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிடும். பாறையைப் பார்ப்பது என்பது மூன்றாவது, நான்காவது முக்குளிப்பில்தான் தொடங்குகிறது.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே? எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆக்சிஜன் அல்ல, காற்று. நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டருக்குக் கீழே சென்றால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

எவ்வளவு நேரம் என்பது ஆழத்தையும் உங்கள் மூச்சையும் பொறுத்தது. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அதற்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டரும், 20 மீட்டரில் 60 லிட்டரும் செலவழிப்பார். 50 பார் மிச்சத்தோடு மேலே வந்துவிட வேண்டும் என்பது பொது வழக்கம்; ஆகவே கையில் இருப்பது 1,650 லிட்டர். அது 10 மீட்டரில் சுமார் 40 நிமிடம், 20 மீட்டரில் 27 நிமிடம் வரும். பதற்றத்தில் மூச்சு இருமடங்கானால் நேரம் பாதியாகிவிடும்.

அப்படியானால் மூச்சை அடக்கி அடக்கி விட்டால் காற்று மிச்சமாகுமே?

ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். மேலே சொன்ன அழுத்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இருமடங்காக விரியும். வாயும் தொண்டையும் மூடியிருந்தால் அது நுரையீரல் திசுவைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தில் கலக்கும். ஓரிரு மீட்டர் ஏற்றத்திலேயே இது நேரலாம் என்பதால், இடுப்பளவு நீரில் பயிற்சி செய்யும்போதும் விதியில் தளர்வு இல்லை. காற்றை மிச்சப்படுத்தும் வழி, நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுவதும், கைகால்களை வீசாமல் இருப்பதும்தான்.

காது அடைத்து வலிக்கும் என்கிறார்களே?

வலிக்கும் வரை காத்திருந்தால் வலிக்கும். இறங்கத் தொடங்கியதுமே, ஏறத்தாழ மீட்டருக்கு ஒருமுறை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். ஒரு காது திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலேறி மீண்டும் முயலுங்கள். பலங்கொண்டு ஊதினால் செவிப்பறைக்கும் உட்காதுக்கும் கேடு. சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். மூக்கடைப்பு நீக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கி, கடலுக்கடியில் அதன் வேலை தீர்ந்துபோனால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன், ஆஸ்துமாவும் உண்டு. என்னை விடுவார்களா?

கண்ணாடி ஒரு தடையல்ல. பார்வை எண்ணுக்கேற்ற முகமூடிகள் பல நிலையங்களில் உண்டு, மென்மையான கான்டாக்ட் லென்சும் அணியலாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நீரிழிவு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் இறங்கக் கூடாது.

முன்னதாக நிரப்பும் மருத்துவப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லக்கூடும் என்பதால், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதுபவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். அந்தப் படிவம் நிலையத்தின் வசதிக்கானதல்ல. ஊரிலேயே உங்கள் நோய் வரலாறு அறிந்த மருத்துவரிடம் கடிதம் வாங்கிச் செல்வதே சுலபமான வழி.

எந்த மாதத்தில் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. முக்குளிப்புப் பருவம் என்று பார்த்தால் அக்டோபர் முதல் மே வரை நீளும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும் கடல் கொந்தளித்துப் பல இடங்களுக்குப் படகு போகாது. நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருப்பதால் குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பவளப்பாறை பார்க்க அந்தமான் வரை ஏன் போக வேண்டும்? நம் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இல்லையா?

இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986 இல் அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளக்கல்லை நெடுங்காலம் வெட்டியெடுத்ததன் விளைவாக, அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இப்போது அனுமதியின்றித் தீவுகளுக்குள் செல்ல முடியாது. நீர் ஆழம் குறைவு, கலங்கல் அதிகம். அறிவியலுக்கும் மீனவர் வாழ்வுக்கும் மிக முக்கியமான பாறைகள் அவை, ஆனால் முதன்முதலாக முக்குளிக்க ஏற்ற இடமல்ல.

அந்தமானில் பருவம் முடியும்போது இலங்கையின் கிழக்குக் கரையில் பருவம் தொடங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை விடுமுறை கிடைப்பவர்கள் திருகோணமலையையும், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழிலேயே விசாரித்துக்கொள்ளவும் முடியும்.

வீடியோவில் பார்த்த சிவப்பும் மஞ்சளும் நேரில் ஏன் இல்லை?

நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கி, மேலும் இறங்கும்போது ஆரஞ்சும் பின்னர் மஞ்சளும் போய், எஞ்சுவது நீலமும் பச்சையும்தான். 20 மீட்டரில் விரலில் கீறல் விழுந்தால் இரத்தம் பச்சை கலந்த கருமையாகத் தெரியும். வீடியோ எடுத்தவர் விளக்கு பயன்படுத்தியிருப்பார், அல்லது பிறகு கணினியில் நிறத்தைத் திருத்தியிருப்பார். ஒரு சிறு டார்ச் விளக்கைக் கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் அடித்துப் பாருங்கள். கருப்பாகத் தெரிந்த மீன் செக்கச்செவேலென்று ஒளிரும். ஆழத்தில் சிவப்பு நிறம் அந்த மீனுக்கு ஒளிந்துகொள்ளும் போர்வையாகிறது.

இன்னொன்று: முகமூடி வழியே பார்க்கும் எதுவும் உண்மையைவிட மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும். படகில் திரும்பும்போது சொல்லப்படும் மீன் அளவுகளை இதைக் கழித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

சுறா இருக்குமா? கடற்பாம்பு, முதலை?

ஜானீஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்களில் வெண்முனைப் பாறைச்சுறாவைப் பார்க்க வாய்ப்புண்டு. அது பகலில் மணலில் படுத்திருக்கும். நெருங்கினால் விலகிப் போய்விடும். பட்டைபோட்ட கடற்பாம்பின் நஞ்சு கொடியது, ஆனால் கையால் பிடிக்காத வரை அது கடிப்பது மிக அரிது. இரையைச் செரிக்கவும் முட்டையிடவும் கரைக்கு ஏறும் பாம்பு அது. பாறை இடுக்கில் மீன் தேடும்போது உங்களைப் பொருட்படுத்தவே செய்யாது. முதலையைப் பற்றிய அச்சத்தில் பொருள் உண்டு. அந்தமானில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010 இல் ஹேவ்லாக் கடலில் நீந்திக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். அலையாத்திக் காடுகளை ஒட்டிய கழிமுகங்களில் இறங்காதீர்கள், கரையில் உள்ள எச்சரிக்கைப் பலகையை மீறாதீர்கள்.

ஆனால் முக்குளிப்பவர்களை உண்மையாகவே துரத்திக் கடிப்பது, யாரும் கேட்காத ஒரு மீன். டைட்டன் எனப்படும் பெரிய கிளாத்தி மணலில் பள்ளம் தோண்டி முட்டையிட்டு, அதைக் காக்கும் நாட்களில் நெருங்குபவர் யாராயினும் பாய்ந்து வரும். அது தன்னுடையதாகக் கருதும் பகுதி, கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம் கொண்டது. எனவே மேலே ஏறித் தப்ப முயன்றால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். காலில் மாட்டியிருக்கும் துடுப்புகளான ஃபின்ஸை அதன் பக்கம் வைத்தபடி கிடைமட்டமாக விலகிச் செல்ல வேண்டும்.

கல்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் முதுகு முட்களில் நஞ்சு இருக்கிறது. இவை தாக்குவதில்லை, நாம் கை வைக்கிறோம், மிதிக்கிறோம். முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 பாகை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

'நிமோ' மீன் ஏன் அந்த ஒரே இடத்தை விட்டுப் போவதில்லை?

திரைப்படத்தால் 'நிமோ' என்று அழைக்கப்படும் கோமாளி மீன் குடியிருப்பது, பூப்போலத் தெரியும் கடல் சாமந்தி என்ற விலங்கில். அதன் கொடுக்குகள் மற்ற மீன்களைக் கொட்டும். இந்த மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. வெளியே போனால் சிறிது நேரத்தில் வேறு மீனுக்கு இரையாகிவிடும் என்பதால் வாழ்நாள் முழுவதும் அங்கேயே கிடக்கிறது. ஒரு வீட்டில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை வளராத இளசுகள். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். இளசுகளில் பெரியது ஆணாகும். முட்டைகளுக்கு விசிறிக்கொண்டு காவல் நிற்பது பெரும்பாலும் ஆண்தான். உங்கள் முகமூடியை நோக்கி ஒரு விரல் நீள மீன் திரும்பத் திரும்ப மோத வந்தால், அது விளையாட்டல்ல, விரட்டல், இரண்டடி பின்வாங்குங்கள்.

பவளம் செடியா, கல்லா? ஒருமுறை மிதித்தால் என்ன ஆகிவிடும்?

பவளம் ஒரு விலங்கு. கடுகளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தம் அடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே போவதுதான் பாறை. அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பளவு உயரமுள்ள ஒன்று உங்கள் பாட்டியைவிட மூத்தது. மேலே உள்ள திசு ஒரு மெல்லிய தோல் மட்டுமே என்பதால், ஃபின்ஸின் ஓர் உரசலே அதைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் பாசியும் நோயும் ஏறும். சட்டப்படியும் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

நான் இறங்கிய இடத்தில் பாதிப் பவளம் வெள்ளையாக இருந்தது. செத்துவிட்டதா?

வெண்மை மரணமல்ல, பட்டினி. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, வாரக்கணக்கில் நீடித்தால், முந்தைய பதிலில் சொன்ன நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறம் பாசியுடையது, அது போனதும் கண்ணாடி போன்ற திசு வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு தெரிகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் சாகும், அதன்மேல் பழுப்புப் பாசி படரும். ஆகவே தூய வெள்ளையைவிடப் பழுப்பு மூடிய கிளைகளே துயரமான காட்சி.

அந்தமான் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இதைக் கண்டது. 2010 இல் ஆழமற்ற பாறைகள் பெரிதும் அழிந்தன. உலக அளவில் நான்காவது பெரும் வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இன்று நீங்கள் பார்க்கும் பாறையில் அழிவும் மீட்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 15 மீட்டருக்குக் கீழே நிலை பொதுவாக மேல்.

எல்லோரும் ஆமையும் திருக்கையும் பார்த்தேன் என்கிறார்கள். என் கண்ணில் மட்டும் ஏன் எதுவும் படுவதில்லை?

வேகமாகப் போகிறீர்கள். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது இது. ஆனால் மிகக் குறைவானவர்களே கேட்கிறார்கள். பாறை நெடுகிலும் நீந்திப் பார்த்துவிட வேண்டும் என்று விரைபவர், தான் வரும் திசையில் எல்லா உயிர்களையும் விரட்டிக்கொண்டே போகிறார். அறை அளவுள்ள ஒரு பாறையைத் தேர்ந்து, அதற்கு இரண்டு மீட்டர் தள்ளி, எதையும் தொடாமல், மூச்சின் ஏற்ற இறக்கத்தாலேயே ஒரே மட்டத்தில் மிதந்துகொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் இராது. பிறகு இடுக்குகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கும்.

எங்கே நிற்பது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நீலக் கோடுபோட்ட விரலளவு மீன் ஒன்று துள்ளித் துள்ளி நீந்தும் இடம், மற்ற மீன்கள் ஒட்டுண்ணிகளை நீக்கிக்கொள்ள வரும் இடம். களவாய் மீன் வாயைத் திறந்து அசையாமல் நிற்க, அந்தச் சிறு மீன் பற்களுக்கிடையே புகுந்து செவுள் வழியே வெளியேறும். மணல் தரையில் ஒரு வளை வாசலில் சிறு மீன் காவல் நின்றால், அதன் வாலருகே கண்பார்வை மங்கிய இறால் ஒன்று மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும். இறாலின் மீசை மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும், மீன் வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே மறையும். பாம்பு போன்ற உடல் கொண்ட அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டல் அல்ல, மூச்சு.

ஆமை என்றால் பின்னாலிருந்து துரத்தாதீர்கள், மேலே வந்து மறிக்காதீர்கள். அதற்கும் காற்று வேண்டும், மேற்பரப்புக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டில், அது உங்களைப் பார்க்கும்படி தள்ளி நின்றால், அழுங்காமை பாறையைக் கொத்திக் கடற்பஞ்சைத் தின்பதைக்கூட நெடுநேரம் பார்க்கலாம்.

இரவில்கூட இறங்குவார்களாமே? இருட்டில் என்ன தெரியும்?

விளக்கு வட்டத்துக்குள் தெரிவது மட்டும்தான் தெரியும். அதனாலேயே கவனம் கூடும். பகலில் சுருங்கிக் கிடந்த பவள உயிர்கள் கொடுக்குகளை விரித்து இரை பிடிக்கும். கிளிமீன் வகைகளில் சில, வாயிலிருந்து வழவழப்பான திரவத்தைச் சுரந்து, கண்ணாடி உறை போலத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உறங்கும். பேய்க்கணவாய் வேட்டைக்குக் கிளம்பும். உறங்கும் மீனின் கண்ணில் விளக்கை அடிக்காதீர்கள். மிரண்டு பாறையில் மோதிக்கொள்ளும்.

மதியம் விமானம். காலையில் ஒரு டைவ் போட்டுவிடலாமா?

கூடாது. அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்திருக்கிறது. அது மெல்ல வெளியேறுவதற்காகத்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறோம். கரையேறிய பிறகும் மிச்சம் இருக்கும். விமானத்தின் உள்ளழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதால் அந்த மிச்சம் குமிழிகளாகித் தசைமூட்டிலோ தண்டுவடத்திலோ தங்கிவிடலாம். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கப்பலில் போர்ட் பிளேர் திரும்புவதில் சிக்கல் இல்லை. கடைசி நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கிவிட்டால் இந்தக் கணக்கு தானாகவே சரியாகும்.

நைட்ராக்ஸ் எடுத்தால் இன்னும் ஆழமாகப் போகலாமாம். உண்மையா?

நேர்மாறானது. நைட்ராக்ஸில் ஆக்சிஜன் பங்கு கூடுதல், வழக்கமாக 32 சதவீதம். நைட்ரஜன் குறைவதால் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம். ஆனால் சிலிண்டர் பற்றிய பதிலில் சொன்ன ஆக்சிஜன் நஞ்சு முன்னதாகவே குறுக்கிடுவதால் எல்லை சுமார் 33 மீட்டராகச் சுருங்குகிறது. சாதாரணக் காற்றில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வகுத்த எல்லை 40 மீட்டர். ஒரு நாளில் மூன்று முறை 20 மீட்டருக்கு மேல் இறங்குபவருக்கு நைட்ராக்ஸ் பயன்படும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. சிலிண்டரில் உள்ள கலவையை நீங்களே கருவியில் அளந்து பார்க்காமல் வாயில் வைக்கக் கூடாது.

வழிகாட்டியே கடல் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அவரே செய்யும்போது நான் செய்தால் என்ன?

அவர் செய்தது தவறு. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் உயிர். மன்னார் வளைகுடாவில் அதைப் பிடித்ததற்காகக் கைதானவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கையில் எடுத்தால் சில வகைகள் அச்சத்தில் தம் குடலையே வெளியே தள்ளிவிடும். பேத்தை மீனை அழுத்தி உப்பவைத்துக் காட்டுவதும் இதே ரகம்தான். இவற்றைச் செய்பவர்களில் பலர், பணம் கொடுத்து வந்தவர் வெறுங்கண்ணோடு திரும்பிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் செய்கிறார்கள். கேட்பவர் இருப்பதால் காட்டுபவர் இருக்கிறார்.

இறங்கும் முன் படகில் நடக்கும் விளக்கத்தின்போதே, எதையும் தொட்டுக் காட்ட வேண்டாம், சிறியவையாக இருந்தாலும் நின்று பார்க்கவே விருப்பம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல வழிகாட்டி முகம் மலர்ந்துவிடுவார். அவருக்கும் ஒரே இடத்தில் நிற்பதுதான் பிடிக்கும். முகம் சுளித்தால் அடுத்த நாளுக்கு வேறு நிலையத்தை விசாரிக்கலாம்; ஹேவ்லாக்கில் அவற்றுக்குக் குறைவில்லை.